1971 டி. சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பள்ளி காற்பந்துப் பயிற்சியாளர் குழு

1971 டி. சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பள்ளி காற்பந்துப் பயிற்சியாளர் குழு என்பது ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள அலெக்சாந்திரியா நகரில், டி. சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பள்ளியின் 'டைட்டன்ஸ்' என்னும் அமெரிக்கக் காற்பந்து அணியை 1971 ஆம் ஆண்டுப் பருவத்தில் பயிற்றுவித்த ஆசிரியர்களின் குழு ஆகும். இக்குழுவின் தலைமைப் பயிற்சியாளராக ஹெர்மன் பூன் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கரும், துணைத் தலைமைப் பயிற்சியாளராக பில் யோஸ்ட் என்ற வெள்ளையரும் பணியாற்றினர். நகரின் மூன்று உயர்நிலைப் பள்ளிகளின் மேல் வகுப்புகள் ஒன்றாக்கப்பட்ட ஆண்டில், கறுப்பின மாணவர்களையும் வெள்ளையின மாணவர்களையும் ஓர் அணியாக்கி, ஒரு தோல்வியும் இன்றி மாநில வாகையர் பட்டத்தை இக்குழு வென்றது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரிமெம்பர் த டைட்டன்ஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் இந்நிகழ்வுகளைத் தழுவி எடுக்கப்பட்டதாகும்.

சுருக்கத் தகவல்கள்

- பள்ளி: டி. சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பள்ளி (2021 சூலை 1 முதல் அலெக்சாந்திரியா நகர உயர்நிலைப் பள்ளி)
- இடம்: அலெக்சாந்திரியா, வர்ஜீனியா
- அணியின் பெயர்: டைட்டன்ஸ்
- தலைமைப் பயிற்சியாளர்: ஹெர்மன் பூன் (1935–2019)
- துணைத் தலைமைப் பயிற்சியாளர்: பில் யோஸ்ட் (1924–2019)
- 1971 பருவ முடிவு: 13 வெற்றி, தோல்வி இல்லை
- இறுதி ஆட்டம்: 1971 திசம்பர் 4, ரோனோக், எதிரணி ஆண்ட்ரூ லூயிஸ் உயர்நிலைப் பள்ளி, 27–0

விளையாட்டு

அமெரிக்காவில் 'புட்பால்' எனும் சொல் உலகின் பிற பகுதிகளில் ஆடப்படும் காற்பந்தாட்டத்தைக் குறிப்பதில்லை. அமெரிக்கக் காற்பந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் வேறோர் ஆட்டமாகும். ஒவ்வோர் அணியிலும் ஒரே நேரத்தில் 11 பேர் களத்தில் இருப்பர். களத்தின் நீளம், இரு முனைகளிலும் உள்ள இறுதிப் பகுதிகள் நீங்கலாக, 100 கெசம் ஆகும். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் குறைந்தது 10 கெசம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குச் செல்லும். பந்தை எதிரணியின் இறுதிப் பகுதிக்குள் கொண்டு சேர்ப்பது 'டச் டவுன்' எனப்படும். இதற்கு 6 புள்ளிகள் கிடைக்கும். உயர்நிலைப் பள்ளி ஆட்டம் 12 நிமிடங்கள் கொண்ட நான்கு கால் பகுதிகளாக ஆடப்படுகிறது.

ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் ஆட்டம் நின்று தொடங்குவதால், அடுத்த ஆட்டமுறை எது என்பதைப் பயிற்சியாளர்களே பெரும்பாலும் முடிவு செய்கின்றனர். மேலும், பந்தை முன்னெடுக்கும் வீரர்களும் எதிரணியைத் தடுக்கும் வீரர்களும் பெரும்பாலும் தனித்தனி ஆட்களாக இருப்பர். இவ்விரு காரணங்களால் இவ்விளையாட்டில் ஒரே ஒரு பயிற்சியாளர் போதாது. பயிற்சியாளர் குழு ஒன்று இன்றியமையாததாகிறது.

உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர் குழுவின் அமைப்பு

பள்ளியின் அளவைப் பொறுத்துக் குழுவின் அளவு வேறுபடும். பொதுவாகக் காணப்படும் பொறுப்புகள் பின்வருமாறு:

- தலைமைப் பயிற்சியாளர்: அணியைத் தேர்ந்தெடுத்தல், பயிற்சி முறையை வகுத்தல், ஒழுங்கைப் பேணுதல், பெற்றோருக்கும் பள்ளி நிருவாகத்துக்கும் பதிலளித்தல் ஆகியவை இவருடைய பொறுப்புகள்.
- தாக்குதல் ஒருங்கிணைப்பாளர்: பந்தை முன்னெடுக்கும் பிரிவுக்குப் பொறுப்பானவர். சிறிய பள்ளிகளில் தலைமைப் பயிற்சியாளரே இப்பணியையும் செய்வதுண்டு.
- தடுப்பு ஒருங்கிணைப்பாளர்: எதிரணியின் முன்னேற்றத்தைத் தடுக்கும் பிரிவுக்குப் பொறுப்பானவர்.
- நிலைப் பயிற்சியாளர்கள்: குவார்ட்டர்பேக், லைன்பேக்கர், முன்வரிசை வீரர்கள் என ஒவ்வொரு நிலைக்கும் உரிய நுட்பங்களைக் கற்பிப்பவர்கள்.
- இளநிலை அணிப் பயிற்சியாளர்கள்: கீழ் வகுப்பு மாணவர்களின் அணிகளைப் பயிற்றுவிப்பவர்கள்.

இவர்களுள் பெரும்பாலானோர் அதே பள்ளியிலோ மாவட்டத்திலோ பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஆவர். பயிற்சிப் பணிக்கு ஆசிரியர் ஊதியத்துடன் ஒரு கூடுதல் தொகை வழங்கப்படும். பள்ளி ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடைபெறுகின்றன. சிறு நகரங்களில் ஊர் முழுவதும் அதைக் காணத் திரள்வதால், தலைமைப் பயிற்சியாளர் பதவி ஓர் ஆசிரியர் பதவியைவிட அதிகமான பொதுமதிப்பு உடையதாகக் கருதப்படுகிறது. அலெக்சாந்திரியாவில் 1971 இல் எழுந்த சர்ச்சையைப் புரிந்துகொள்ள இப்பின்னணி தேவையானது.

வரலாற்றுப் பின்னணி

வர்ஜீனியாவில் இன ஒதுக்கல்

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகள் சட்டப்படி இயங்கி வந்தன. 1954 மே 17 இல் 'பிரவுன் எதிர் கல்வி வாரியம்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இம்முறை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. வர்ஜீனியா மாநில அரசு இத்தீர்ப்பைப் 'பேரெதிர்ப்பு' எனப்பட்ட கொள்கையால் எதிர்கொண்டது. இனக்கலப்புக்கு ஆணையிடப்பட்ட சில பள்ளிகள் 1958 இல் மூடப்பட்டன. 1959 சனவரியில் நீதிமன்றங்கள் இச்சட்டங்களைச் செல்லாதவை என அறிவித்தன. அடுத்த மாதம் அலெக்சாந்திரியாவில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் அதுவரை வெள்ளையருக்கு மட்டும் உரியவையாக இருந்த மூன்று பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர்.

நகரின் கறுப்பின மாணவர்களுக்கான உயர்நிலைப் பள்ளி பார்க்கர்-கிரே ஆகும். டி. சி. வில்லியம்ஸ் உயர்நிலைப் பள்ளி 1965 இல் திறக்கப்பட்டபோது பார்க்கர்-கிரே உயர்நிலைப் பள்ளியாக இயங்குவது நின்றது. புதிய பள்ளிக்குப் பெயரளித்த தாமஸ் சாம்ப்ளிஸ் வில்லியம்ஸ், நகரப் பள்ளிகளின் முன்னாள் கண்காணிப்பாளர்; இன ஒதுக்கலை வெளிப்படையாக ஆதரித்தவர்.

மூன்று பள்ளிகளின் இணைப்பு

1960களின் இறுதியில் நகரில் டி. சி. வில்லியம்ஸ், பிரான்சிஸ் சி. ஹேமண்ட், ஜார்ஜ் வாஷிங்டன் என மூன்று உயர்நிலைப் பள்ளிகள் இருந்தன. சட்டப்படி இவை எல்லா இனத்தவருக்கும் திறந்திருந்த போதிலும், குடியிருப்புப் பகுதிகள் இனவாரியாகப் பிரிந்திருந்ததால் மாணவர் விகிதம் பள்ளிக்குப் பள்ளி பெரிதும் வேறுபட்டது. 1970 இல் கறுப்பின இளைஞர் ஒருவர் வெள்ளையினக் கடை மேலாளரால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நகரில் கலவரம் மூண்டது.

இச்சூழலில், 1971 கல்வியாண்டு முதல் நகரின் 11, 12 ஆம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் டி. சி. வில்லியம்ஸ் பள்ளியிலும், 9, 10 ஆம் வகுப்பு மாணவர்கள் மற்ற இரு பள்ளிகளிலும் படிக்க வேண்டும் என முடிவு செய்யப்பட்டது. இதன் விளைவாக, முன்பு ஒன்றையொன்று எதிர்த்து ஆடிய மூன்று அணிகளின் மூத்த வீரர்கள் ஒரே அணியில் இடம்பெறப் போட்டியிட நேர்ந்தது. மூன்று தலைமைப் பயிற்சியாளர் பதவிகள் இருந்த நகரில் ஒரே ஒரு மூத்த அணி எஞ்சியது.

கறுப்பினப் பயிற்சியாளர்களின் நிலை

பள்ளிகள் இணைக்கப்பட்டபோது தென் மாநிலங்களில் பொதுவாக மூடப்பட்டவை கறுப்பினப் பள்ளிகளே. அவற்றின் தலைமை ஆசிரியர்களும் ஆசிரியர்களும் பெருமளவில் வேலை இழந்தனர் அல்லது பதவி இறக்கப்பட்டனர். காற்பந்துப் பயிற்சியாளர்களுக்கும் இதே நிலை ஏற்பட்டது. பல ஆண்டுகள் வெற்றிகரமாகத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கறுப்பினத்தவர், இணைந்த பள்ளியில் வெள்ளையர் ஒருவருக்கு உதவியாளராக அமர்த்தப்படுவது வழக்கமாயிற்று. இனக்கலப்பு என்பது கறுப்பின மாணவர்களுக்குப் பள்ளிக் கதவைத் திறந்த அதே வேளையில், அவர்களுடைய ஆசிரியர்களின் பதவிகளைப் பறித்தது. அலெக்சாந்திரியாவின் முடிவு இவ்வழக்கத்துக்கு நேர்மாறானது.

குழுவின் முதன்மை உறுப்பினர்கள்

ஹெர்மன் பூன்

ஹெர்மன் பூன் 1935 அக்டோபர் 28 இல் வட கரொலைனா மாநிலத்தின் ராக்கி மவுண்ட் நகரில் பிறந்தார். தற்போது வட கரொலைனா மத்தியப் பல்கலைக்கழகம் என அழைக்கப்படும் கல்வி நிறுவனத்தில் பயின்றார். 1958 இல் வர்ஜீனியாவின் பிளாக்ஸ்டோன் நகரில் பயிற்சியாளர் பணியைத் தொடங்கினார். 1961 இல் வட கரொலைனாவின் வில்லியம்ஸ்டன் நகரிலிருந்த இ. ஜே. ஹேய்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றார். அங்கு ஒன்பது ஆண்டுகளில் அவருடைய அணி 99 ஆட்டங்களில் வென்று 8 ஆட்டங்களில் மட்டுமே தோற்றது.

அந்நகரின் பள்ளிகள் இணைக்கப்பட்டபோது, கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரை ஏற்க நகரம் இன்னும் ஆயத்தமாகவில்லை என அவருக்குத் தெரிவிக்கப்பட்டு, உதவியாளர் பதவி முன்வைக்கப்பட்டது. அவர் அதனை ஏற்காமல் 1969 இல் அலெக்சாந்திரியாவுக்குக் குடிபெயர்ந்து, டி. சி. வில்லியம்ஸ் பள்ளியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார்.

பில் யோஸ்ட்

பில் யோஸ்ட் 1924 நவம்பர் 16 இல் அலபாமா மாநிலத்தின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைத்துறையின் வான் பிரிவில் பணியாற்றினார். போருக்குப் பின் ஜார்ஜியா மாநிலத்தின் மெர்சர் பல்கலைக்கழகத்தில் பயின்று, அம்மாநிலத்திலேயே பயிற்சியாளரானார். பின்னர் அலெக்சாந்திரியாவின் ஹேமண்ட் உயர்நிலைப் பள்ளிக்கு வந்து, அங்கு தலைமைப் பயிற்சியாளராக நன்மதிப்புப் பெற்றார். பள்ளிகள் இணைந்தபோது அவருக்கு வயது 46, பூனுக்கு 35.

தலைமைப் பயிற்சியாளர் நியமனம்

பணிமூப்பும் நகரில் நீண்ட கால அறிமுகமும் கொண்ட யோஸ்ட்டே இணைந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆவார் எனப் பலர், குறிப்பாக ஹேமண்ட் பள்ளி வீரர்களின் குடும்பத்தினர், எதிர்பார்த்தனர். ஆனால் நகரப் பள்ளி நிருவாகம் பூனை நியமித்தது. கறுப்பினக் குடிமக்களின் பள்ளி மூடப்பட்ட ஒரு நகரில், இணைந்த பள்ளியின் முக்கியமான பொறுப்புகளுள் ஒன்று கறுப்பினத்தவர் ஒருவருக்குக் கிடைத்தது இதனால் பெரிதும் கவனிக்கப்பட்டது.

இந்நியமனம் இருவருக்கும் எளிதாக இருக்கவில்லை. வில்லியம்ஸ்டனில் தமக்கு இனத்தின் பெயரால் மறுக்கப்பட்ட பதவி, இங்கு மற்றொருவரின் பணிமூப்பைத் தாண்டித் தமக்கு வருகிறது என்ற நிலையில் பூன் இருந்தார். யோஸ்ட், வேறிடம் செல்வது குறித்து எண்ணிய போதிலும், இறுதியில் துணைத் தலைமைப் பயிற்சியாளர் பதவியை ஏற்றுக் குழுவில் தொடர்ந்தார். அவர் விலகியிருந்தால், அவரிடம் முன்பு பயின்ற ஹேமண்ட் பள்ளி வீரர்கள் பலரும் புதிய அணியில் சேரத் தயங்கியிருப்பர் என்பதால் இம்முடிவு முக்கியமானதாகக் கருதப்படுகிறது. அவ்வீரர்களுள் ஒருவர், பின்னர் அணித்தலைவராக விளங்கிய லைன்பேக்கர் கெர்ரி பெர்ட்டியர் ஆவார்.

பொறுப்புகள் துறைவாரியாகப் பிரிக்கப்பட்டன. அணியின் ஒட்டுமொத்த ஒழுங்கும் தாக்குதல் ஆட்டமும் பூனின் கையிலும், தடுப்பு ஆட்டம் யோஸ்ட்டின் கையிலும் இருந்தன. உதவிப் பயிற்சியாளர்களிலும் இரு இனத்தவரும் இடம்பெற்றிருந்தனர். பூன் கண்டிப்பும் உரத்த குரலும் உடையவர். யோஸ்ட் அமைதியாகப் பேசுபவர். இருவருடைய பயிற்றுமுறைகளும் பெரிதும் வேறுபட்டவை. ஆயினும் கறுப்பின வீரர் ஒருவர் தடுப்புப் பிரிவில் ஆடினால் அவர் யோஸ்ட்டுக்கும், வெள்ளையின வீரர் ஒருவர் தாக்குதல் பிரிவில் ஆடினால் அவர் பூனுக்கும் பதிலளிக்க வேண்டியிருந்தது. இவ்வகையில் குழுவின் அமைப்பே வீரர்களை இனவாரியாகப் பிரிய விடாமல் தடுத்தது.

கெட்டிஸ்பர்க் பயிற்சி முகாம்

1971 ஆகத்து மாதத்தில், வகுப்புகள் தொடங்கும் முன், அணி பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் கல்லூரியில் தங்கிப் பயிற்சி பெற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரும் சமர் ஒன்று 1863 சூலை 1 முதல் 3 வரை இவ்வூரில் நடைபெற்றது.

புறப்படும் நாளில் வீரர்கள் இனவாரியாகத் தனித்தனிப் பேருந்துகளில் ஏறியதைக் கண்ட பயிற்சியாளர்கள், அவர்களை இறக்கித் தாக்குதல் பிரிவினரை ஒரு பேருந்திலும் தடுப்புப் பிரிவினரை மற்றொன்றிலும் ஏற்றினர். முகாமில் கறுப்பின வீரரும் வெள்ளையின வீரரும் ஒரே அறையில் தங்க வைக்கப்பட்டனர். நகரில் தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்து, அதுவரை ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் சென்றறியாத மாணவர்களுக்கு இது புதிய அனுபவமாக இருந்தது. வீடும் நகரும் தொலைவில் இருந்ததால், பெற்றோரின் கருத்துகளும் ஊர்ப் பேச்சும் இடையில் வராமல் அணி உருவாக இம்முகாம் உதவியது என முன்னாள் வீரர்கள் பின்னாளில் கூறியுள்ளனர்.

1971 பருவம்

டைட்டன்ஸ் அணி அப்பருவத்தின் 13 ஆட்டங்களிலும் வென்றது. தடுப்புப் பிரிவின் வலிமையால் பல ஆட்டங்களில் எதிரணி ஒரு புள்ளியும் பெறவில்லை. பருவத்தின் கடினமான ஆட்டம் ஜார்ஜ் சி. மார்ஷல் உயர்நிலைப் பள்ளிக்கு எதிராக நடைபெற்றது. அதில் டைட்டன்ஸ் 21–16 என்ற கணக்கில் வென்றது. 1971 திசம்பர் 4 இல் ரோனோக் நகரின் விக்டரி விளையாட்டரங்கில் நடைபெற்ற மாநில இறுதி ஆட்டத்தில், சேலம் நகரின் ஆண்ட்ரூ லூயிஸ் உயர்நிலைப் பள்ளியை 27–0 என வென்று வாகையர் பட்டம் பெற்றது.

இவ்வெற்றிக்குப் பயிற்சியாளர்களின் திறமை மட்டும் காரணமன்று. மூன்று பெரிய பள்ளிகளின் மூத்த மாணவர்களிலிருந்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எதிரணிகள் எவற்றுக்கும் இருக்கவில்லை. ஆனால் அதே இணைப்பே அணியைக் குலைத்திருக்கவும் கூடும். முன்பு மூன்று அணிகளில் முதலிடத்தில் ஆடியவர்களுள் பலர் இப்போது வெளியே அமர வேண்டியிருந்தது. யார் ஆடுவது, யார் அமர்வது என்ற ஒவ்வொரு முடிவும் இனச்சார்பாகப் பார்க்கப்படும் நிலையில், கலந்த பயிற்சியாளர் குழு அம்முடிவுகளுக்கு ஏற்புடைமை தந்தது.

இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரத்துக்குப் பின், 1971 திசம்பர் 11 இல், பெர்ட்டியர் மகிழுந்து விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலி வீரர்களுக்கான குண்டு எறிதல், வட்டு எறிதல் போட்டிகளில் பங்கேற்று வென்றார். 1981 மார்ச்சு மாதத்தில் மற்றொரு சாலை விபத்தில் தமது 27 ஆம் வயதில் இறந்தார். பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பிற்காலம்

பூன் 1979 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அவ்வாண்டு அப்பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். வீரர்களைக் கடுமையாக நடத்தினார் என்பது அப்போது அவர்மீது கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. 1971 இல் அணியை ஒன்றாக்கியதாகப் போற்றப்பட்ட கண்டிப்பு, சில ஆண்டுகளிலேயே கேள்விக்கு உள்ளானது. யோஸ்ட் நெடுங்காலம் உதவிப் பயிற்சியாளராகவே பணியாற்றினார். திரைப்படம் வெளியான பின், இருவரும் பல ஊர்களுக்குச் சென்று மாணவர்களிடையே உரையாற்றினர். இருவருக்கும் இடையிலான நட்பு இறுதிவரை நீடித்தது.

யோஸ்ட் 2019 மே 23 இல் தமது 94 ஆம் வயதிலும், பூன் அதே ஆண்டு திசம்பர் 18 இல் தமது 84 ஆம் வயதிலும் காலமாயினர். 1971 அணியின் தடுப்பு வீரர் ஜூலியஸ் கேம்பல் அவ்வாண்டு சனவரியில் இறந்திருந்தார்.

பள்ளிக்கு இன ஒதுக்கலை ஆதரித்த ஒருவரின் பெயர் இருப்பது குறித்து எழுந்த நீண்ட கால எதிர்ப்பின் விளைவாக, 2020 நவம்பரில் நகரப் பள்ளி வாரியம் பெயரை மாற்ற முடிவு செய்தது. 2021 சூலை 1 முதல் அது அலெக்சாந்திரியா நகர உயர்நிலைப் பள்ளி எனப்படுகிறது. டைட்டன்ஸ் என்ற அணிப்பெயர் மாற்றப்படவில்லை.

திரைப்படமும் வரலாறும்

திரைக்கதை எழுத்தாளர் கிரெகரி ஆலன் ஹவார்டு, அலெக்சாந்திரியாவில் குடியேறியபோது முடிதிருத்தகம் ஒன்றில் மக்கள் இவ்வணியைப் பற்றிப் பேசியதைக் கேட்டு இக்கதையை எழுதினார். போவாஸ் யாக்கின் இயக்கிய இத்திரைப்படம் 2000 செப்டம்பர் 29 இல் வெளியானது. டென்செல் வாஷிங்டன் பூனாகவும், வில் பேட்டன் யோஸ்ட்டாகவும் நடித்தனர். இப்படத்தின் வழியாகவே இப்பயிற்சியாளர் குழு உலகெங்கும் அறியப்பட்டது. எனினும் படத்தின் பல செய்திகள் வரலாற்றிலிருந்து வேறுபடுகின்றன:

- 1971 இல்தான் இப்பள்ளியில் இரு இனத்தவரும் முதன்முதலாக ஒன்றாகப் படித்தனர் என்ற எண்ணத்தைப் படம் தருகிறது. உண்மையில் 1965 இல் திறக்கப்பட்டது முதல் அங்கு இரு இனத்தவரும் பயின்றனர். 1971 இல் நிகழ்ந்தது மூன்று பள்ளிகளின் இணைப்பு.
- எதிரணிகள் அனைத்தும் வெள்ளையர் மட்டுமே கொண்டவையாகக் காட்டப்படுகின்றன. அப்பகுதியின் பிற பள்ளிகளிலும் அதற்கு முன்பே இனக்கலப்பு ஏற்பட்டிருந்தது.
- இறுதி ஆட்டம் மார்ஷல் பள்ளிக்கு எதிராக 10–7 எனக் கடைசி நொடியில் வெல்லப்படுகிறது. உண்மையான இறுதி ஆட்டம் 27–0 என எளிதாக முடிந்தது.
- பெர்ட்டியரின் விபத்து இறுதி ஆட்டத்துக்கு முன் நிகழ்கிறது. உண்மையில் அது அதற்குப் பின் நிகழ்ந்தது.
- வீரர்கள் விடியும் முன் போர்க்களக் கல்லறைகளுக்கு ஓடிச் செல்லும் காட்சி படத்துக்காக அமைக்கப்பட்டது.
- யோஸ்ட்டுக்கு ஒரே மகள் இருப்பதாகக் காட்டப்படுகிறது. அவருக்கு நான்கு மகள்கள் இருந்தனர்.
- பூனின் வீட்டுச் சன்னல் வழியாகச் செங்கல் எறியப்படுகிறது. எறியப்பட்டது ஒரு கழிப்பறைப் பீங்கான் எனப் பூன் பின்னாளில் கூறினார்.

படத்தில் ஒரு கோடைகால முகாமிலேயே இனப்பகை தீர்ந்துவிடுவது போல் தோன்றுகிறது. 1959 இல் ஒன்பது மாணவர்களுடன் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய மாற்றம் மூன்று பள்ளிகளின் இணைப்பை எட்டப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. பள்ளியின் பெயர் மாறுவதற்கு மேலும் ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.